சம்பந்தத்தின் குரல் எதுவரை போகும்?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பழவேற்காட்டில் ஒரு கடை வாசலில் கிடைத்தது. தண்ணீர் பட்டாலும் கெடாத சின்ன ரேடியோ வேண்டும் என்று ஒரு பெண் கேட்டாள். அதான் செல்போன் இருக்கிறதே என்றார் கடைக்காரர்.

“போன எந்தக் கையில புடிக்கிறது? ரெண்டு கையும் சேத்துல எறா தடவிக்கினு இருக்குமே!”

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் புளுகு. அவளுக்குக் கோவிந்தம்மா என்று பேர் வைத்தேன்.

2

ஏரி அமைதியாக விரிந்து கிட—

(வேண்டாம். கதைகளில் ஏரிக்கு வேறு வேலையே இல்லை.)

தோணிரேவு என்ற ஏரிக்கரை ஊரில் கோவிந்தம்மாவும் அவள் கணவன் சம்பந்தமும் கல்யாணமான நாளிலிருந்து ஒன்றாக ஏரியில் இறங்கிக் கையால் இறால் பிடித்தவர்கள். குனிந்தபடியே ஓயாமல் பேசுவார்கள். இப்போது அவனுக்கு முதுகு வளையவில்லை. (முதலில் அவன் காலை உடைத்தேன். பாவமாக இருந்தது, அந்த வரியை அடித்துவிட்டேன்.) அவள் பேச்சுத்துணை இல்லாமல் தனியாகப் போவதை அவனால் தாங்க முடியவில்லை. அவளுடைய சின்ன ரேடியோவில் தன் குரல் கேட்கும்படி வீட்டிலேயே ஒரு ஏ.எம். டிரான்ஸ்மிட்டர் செய்தான். [உரிமம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். என் கதையில் இருக்கிறது.]

3

குரல் மணல்திட்டுவரை போய் நின்றுவிட்டது. இறாலோ அதற்கு அப்பால். பேட்டரியின் சக்தியில் பாதி சூடாகவே வீணானது. உள்ளே இருந்த கம்பிச் சுருளை, அதாவது காயிலை, தடித்த கம்பியால் மறுபடி சுற்றினான், சூடு குறைந்தது. ஏரியலை மூங்கிலில் உயர்த்தினான். அப்படியும் திட்டைத் தாண்டவில்லை.

ஒரு சாயங்காலம் கோவிந்தம்மா சொன்னாள்:

“ஏரித் தண்ணி நம்ம வாசவரிக்கும் ஏறிச்சே, அன்னிக்கி மட்டும் திட்டுக்கு அந்தாண்டகூட நல்லா கேட்டிச்சிய்யா. நீ இருமினதுகூட.”

சம்பந்தம் தலையில் அடித்துக்கொண்டான். அந்தக் கரையில் யாரும் எந்தக் கம்பியையும் உப்புத் தண்ணீர் அண்ட விடமாட்டார்கள், அரித்துவிடும். அதே பழக்கத்தில் எர்த் கம்பியையும் மேட்டில், காய்ந்த மணலில் புதைத்திருந்தான். ஏரி ஏறிய அன்று அந்த மணல் உப்புத் தண்ணீரில் நனைந்திருக்கிறது; எர்த் நன்றாகப் பிடித்தால்தான் குரல் தூரம் போகும், அதற்கு வேண்டியது உப்புச் சேறு.

“அரிச்சா அரிக்கட்டுமே. வேற போட்டுக்கலாம்” என்றான்.

அவன் மேட்டிலிருந்து கம்பியை நீட்ட, அவள் சேற்றில் மிதித்துப் புதைத்தாள். இதை எழுதும்போது எனக்கே சந்தோஷமாக இருந்தது.

4

முடிவு.

ஒன்று: குரல் தாண்டுகிறது, அவள் சிரிக்கிறாள்.

இரண்டு: தாண்டவில்லை. கேட்டதாகப் பொய் சொல்கிறாள், அவனும் நம்பி—

(இல்லை. அவளுக்குப் பொய் வராது.)

சிக்கல் என்னவென்றால், ரேடியோ ஒருவழிப் பேச்சு. அவளுக்குக் கேட்டதா என்று அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, நான் அவனோடு மைக் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவன் தொண்டையைச் செருமிக்கொள்கிறான்.

“இன்னாமே, கேக்குதா? சோறு ஆக்கிட்டேன். கொழம்புல உப்பு கொஞ்சம் தூக்கல்தான், திட்டாத. நீ இல்லாம வூடே நல்லால்லமே.”

மணல்திட்டுக்கு அப்பால், கழுத்தில் ரேடியோவை மாட்டிக்கொண்டு, சேற்றில் இரண்டு கையையும் விட்டு நிற்பது நீங்கள்தான். கேட்டதா? என்னிடம் சொல்ல வேண்டாம். கரைக்கு வந்து அவனிடம் சொல்லுங்கள்.