ஜுமானாவுக்கு வந்த அக்கி

ஜுமானாவுக்கு அக்கி கண்டு அன்று மூன்றாம் நாள். ஆறு வயதுப் பிள்ளையின் இடது விலாவில் முதுகிலிருந்து தொப்புள் வரை பட்டையாகக் கொப்புளங்கள். மன்சூரா ஊர்க்காரர்கள் அதை நெருப்புக் கச்சை என்று சும்மா சொல்லவில்லை. சட்டை உரசினாலே அலறினாள். அவள் அம்மா ரபாப் கட்டிலுக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டிருந்தாள். அடுப்பில் பருப்புச் சூப் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

காலையில் டாக்டர் நெர்மின் கேட்ட கேள்விதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

"ஒரு வயசுல அம்மை ஊசி போட்டிருக்கீங்க. அதுக்கு முன்னாடி அம்மை வந்துச்சா?"

"இல்லையே டாக்டர்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கைக்குழந்தையில அம்மை கண்டா, அந்தக் கிருமி உள்ளயே பதுங்கிக் கெடந்து சின்ன வயசுலயே அக்கியா கிளம்பலாம். ஊசியாலயும் எப்பவாவது வரும். ஆனா ரொம்பக் குறைச்சல்."

இரண்டாம் முறையும் இல்லை என்றே சொல்லிவிட்டாள். புளுகு. ஜுமானாவுக்கு ஏழு மாதம் இருந்தபோது, கணவன் வஜ்தி வேண்டாம் என்று தடுத்தும், அவன் வேலைக்குப் போன நேரம் பார்த்து, அம்மை போட்ட பக்கத்து வீட்டுப் பெண்ணோடு இவளைப் படுக்க வைத்திருந்தாள். சின்னதிலேயே கழியட்டும் என்றுதான். வந்தது ஆறே பொட்டு. கொசுக்கடி என்று சொல்லிச் சமாளித்தாள். அந்த ஆறு போதாதோ என்ற பயத்தில்தான் பிறகு அடம்பிடித்து ஊசி போட்டாள்.

மத்தியானம் வஜ்தியின் தங்கை இனாயாத் வந்து நின்றாள். இடுப்பில் ஏழு மாத ஸியாத், சிவப்புச் சட்டையில்.

"நகருங்க அண்ணி. இவனை அவ பக்கத்துல கெடத்துறேன், இவனுக்கும் இப்பவே அம்மை கழியட்டும். சிவப்புப் போட்டா முத்தெல்லாம் சட்டுனு வெளிய வந்துடும். ஒரே வாரத்துல தொல்லை விட்டுச்சு."

"வேணாம் இனாயாத். கைக்குழந்தையைக் கிட்டவே விடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க."

"ஊசி குத்துறவங்க வேற என்ன சொல்லுவாங்க? உங்க ஊசியோட லட்சணந்தான் கட்டில்ல கெடக்குதே!"

வஜ்தி சோபாவில் இருந்தபடியே முனகினான். "ஊசி வேணாம்னு நான் அன்னைக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாளா இவ?"

ரபாப் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பழி ஊசியோடு போய்விடும். அந்த ஆசை அவளுக்கு இருந்தது, நன்றாகவே இருந்தது. இனாயாத் குனிந்து ஸியாதின் பிஞ்சுக் கையைக் கொப்புளத்தின் பக்கம் கொண்டுபோனாள்.

ரபாப் பாய்ந்து ஸியாதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"என்ன அண்ணி, பைத்தியமா உங்களுக்கு?"

"ஊசி இல்லடி, நான்தான்! இவளுக்கு ஏழு மாசம் இருக்கறப்ப, உங்கண்ணன் வேணாம்னும் கேக்காம, அம்மை வீட்ல கொண்டுபோய்ப் படுக்க வெச்சேன். கொசுக்கடின்னு புளுகுனேன். நீ செய்யப் பாக்கறியே, இதேதான்டி நான் செஞ்சேன்!"

இனாயாத் குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு வாசல் பக்கம் பின்வாங்கினாள். சலாம்கூடச் சொல்லாமல் படியிறங்கிவிட்டாள். வஜ்தி எழுந்து நின்றான். திட்டுவான் என்று ரபாப் காத்திருந்தாள். அவனோ கட்டிலருகே போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அம்மா," என்றாள் ஜுமானா. "இது நீ குடுத்ததா?"

"ஆமாடி கண்ணு."

ஜுமானாவுக்கு மறுபடி எரிச்சல் கிளம்பியது. உதட்டைக் கடித்துக்கொண்டு, அம்மாவைத் தாண்டி, அப்பாவிடம் கையை நீட்டினாள்.