செப்புக் குடத்துத் தண்ணீர்

எண்பத்தேழா, எண்பத்தெட்டா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. முனிரத்தினம் சொன்ன வார்த்தைகளையும் இத்தனை வருஷத்தில் நானே கொஞ்சம் மாற்றி வைத்திருக்கலாம். செப்புக் குடம் மட்டும் அப்படியே நினைவில் நிற்கிறது.

கீழ்க்கட்டளையில் அவர் வீட்டின் பின்னறையில் குடியிருந்தேன். நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு, மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தார். நான் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவன். ஏரிக்கு மேற்கே இருந்த முலாம் பூசும் பட்டறையிலிருந்து வரும் செம்பும் குரோமியமும் நீர்ப்பூச்சிகளை என்ன செய்கின்றன என்பது என் ஆய்வு.

அறையில் இரண்டு கண்ணாடித் தொட்டிகள். ஒன்றில் பட்டறைக் கழிவு கலந்த நீர், மற்றதில் கிணற்று நீர். இரண்டிலும், கழிவு எட்டாத கிழக்குக் கரையில் பிடித்த மேஃப்ளை என்ற சிறகுப்பூச்சியின் நீரில் வாழும் இளம்பூச்சிகளை விட்டிருந்தேன். மூன்று வால், உடம்பின் இருபுறமும் ஓயாமல் துடிக்கும் செவுள்கள். கழிவு நீரில் அவை சீக்கிரமே செத்தன. சேற்றோடு வந்த சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளிந்துகொண்டிருந்தன. கிணற்று நீரில் இருப்பவை பிழைத்துப் பறந்தால்தான், கொன்றது கழிவு என்று நான் சொல்ல முடியும்.

சாயங்காலங்களில் முனிரத்தினம் வந்து கிணற்று நீர்த் தொட்டிக்கு எதிரே உட்காருவார்.

"இன்னா பூச்சி சார், இதுங்களுக்குப் பொண்ணு பாத்தாச்சா?"

"முதுகுல சிறகு உறை கறுக்கட்டும்ணா. உடனே பறந்துடும்."

"பறந்து?"

"ஒரு நாள் இருக்கும். சாப்பிடாது. அதுக்கு வாய் வேலை செய்யாது."

"அப்ப என் கதை தேவல. சோறாவது கீது."

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, நீர் குறைந்தால் கிணற்றுத் தண்ணீர் ஊற்றும்படி அவரிடம் சொன்னேன்.

திரும்பியபோது அவர் வாசலிலேயே நின்றார். உள்ளே, கிணற்று நீர்த் தொட்டியின் அடியில் எல்லாம் படுத்துக்கிடந்தன. சிறகு உறைகள் கறுத்திருந்தன.

"காவாத் தண்ணி குடிச்ச புழு ஆட்டம் போடுது சார். நம்மளுது படுத்துக்கிச்சு."

"எந்தத் தண்ணிண்ணா ஊத்துனீங்க?"

"கெணத்துத் தண்ணிதான். சும்மா இல்ல, செப்புக் கொடத்துல ராவெல்லாம் ஊறுனது. நா காலைல குடிக்கிறது. ஒடம்புக்கு நல்லதாச்சே, கருக்கல்லயே ஊத்திகினு வந்தேன்."

நான் குடத்தைப் பார்த்தேன். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. பட்டறைக் கழிவில் நான் தேடிய அதே செம்பு, ராத்திரியெல்லாம் அந்தத் தண்ணீரில் ஊறியிருந்தது.

"நா எதுனா தப்பா பண்ட்டனா சார்?"

கிணற்றில் வாளி மோதும் சத்தம் பக்கத்து வீட்டிலிருந்து கேட்டது.

"இல்லண்ணா. பனி அதிகம்."

அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு அந்த அறைக்கு வரவில்லை.

புதிதாகப் பிடிக்க ஏரிக்குப் போனேன். கழிவு கிழக்குக் கரைவரை பரவியிருந்தது. வலையில் சிவப்புப் புழுக்கள் மட்டுமே வந்தன. என் ஆய்வு வழிகாட்டி அசரியா சார், தலைப்பை மாற்றிக்கொள்ளச் சொன்னார். அந்தப் புழுக்களின், கழிவால் சிதைந்த வாய்ப் பற்களைப் பற்றி எழுதிப் பட்டம் வாங்கினேன்.

அசரியா சார் ஓய்வு பெற்று மகளோடு இருக்கப் போய்விட்டார். பட்டறை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்தது. முனிரத்தினம் தொண்ணூற்று நாலில் மாரடைப்பில் இறந்தார். குடத்தை அவர் அண்ணன் மகன் எடுத்துப் போனான். நான் மேடவாக்கத்தில் ஒரு பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மேஃப்ளையை அந்த ஏரியில் நான் மறுபடி பார்க்கவில்லை.