விதையோடு வந்த பன்றிகள்

பிறந்த ஆண் குட்டிகளை மடியில் கவிழ்த்துப் பிளேடால் கீறி, விதையைப் பிதுக்கி எடுப்பது அப்பாவின் கைவேலை. குட்டிகள் போடும் கூச்சல் தெருமுனை வரை கேட்கும். இந்த முறை மகள் குறுக்கே நின்றுவிட்டாள்.

"இனிமே இந்தப் பண்ணையில பிளேடு கிடையாதுப்பா."

விதை எடுக்காத பன்றி வளர்ந்தால் கொழுப்பில் மூத்திர நாற்றம் ஏறிவிடும். அடுப்பில் வைத்தால் வீடே காலியாகும். அதற்கு அவள் ஊசி கொண்டுவந்திருந்தாள். இரண்டு தவணை.

"மூளையிலேருந்து விதைக்கு ஒரு உத்தரவு போகுதுப்பா. ஊசி அதை வழியிலயே மடக்கிடும். அப்புறம் விதை சுருங்கிடும், நாத்தமும் போயிடும்."

"அந்த உத்தரவை மூக்கர்கிட்ட போய்ச் சொல்லு," என்றார் அப்பா. "ஒண்ணு நாறினாலும் நான் பிளேடை எடுத்துருவேன்."

இறைச்சிக்கூடத்துக்காரரின் பட்டப்பெயர் மூக்கர். தொங்கும் பன்றியின் கொழுப்பில் பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைத்து, எழும் புகையை முகர்ந்து தரம் சொல்வார். குட்டிகள் வளர்ந்து விற்பனைக்குத் தயாரானதும் பட்டியைப் பார்க்க வந்தவர் இடுப்பில் கைவைத்துச் சிரித்தார்.

"என்னம்மா, மாப்பிள்ளைங்களா வளர்த்து வச்சிருக்கே? நாறப் போகுது!"

"மாப்பிள்ளைன்னு பேருதான், அண்ணே. மோந்து பாருங்க."

இரண்டைப் பொறுக்கி, அறுத்துப் பார்த்துத் தேறினால் மொத்தத்தையும் எடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை வண்டியில் ஏற்றும்போதுதான் அவள் அதைக் கவனித்தாள். மூலையில் ஒன்று, வாயில் நுரை தள்ள, பக்கத்துப் பன்றியின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. அதன் விதை துளியும் சுருங்கவில்லை. ஊசி போட்டதும் பிடரியில் நீலச் சாயம் தடவுவது அவள் வழக்கம். இதற்கோ சாயம் விலாவில் இழுவிக் கிடந்தது. சாயம் காயாத வேறொரு பன்றியின் மீது உரசியிருக்கிறது. நீலத்தைப் பார்த்ததும் இரண்டாவது ஊசி போட்டாயிற்று என்று தாண்டிவிட்டிருக்கிறாள்.

"அது இங்கேயே கிடக்கட்டும். வாயைத் திறக்காதே," என்றார் அப்பா.

"இதையும் ஏத்துங்க."

"கிறுக்குப் புடிச்சிருக்கா உனக்கு? நம்ம தலையில நாமளே மண்ணை வாரிப் போட்டுக்கணுமா?"

"ஏத்துங்கப்பா."

இறைச்சிக்கூடத்தில் மூன்றும் வரிசையாகத் தொங்கின. முதல் பன்றியில் கம்பியை வைத்தார் மூக்கர். புகை எழுந்தது. முகர்ந்தார். "ம்." இரண்டாவதில் இன்னும் குனிந்து முகர்ந்தார். "ம்." மூன்றாவதில் கம்பி பட்டதும் தரை கழுவிக்கொண்டிருந்தவர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"நான் சொன்னேனா இல்லையா!" மூக்கரின் குரலில் குதூகலம்.

அப்பாவின் கை சட்டைப் பைக்குப் போனது. பிளேடு டப்பி அங்கேதான் இருந்தது.

அவள் மூக்கரிடமிருந்து கம்பியை வாங்கி, அதே கொழுப்பில் மறுபடியும் வைத்தாள்.

"நல்லா மோந்துக்குங்க அண்ணே. இதுக்கு ரெண்டாவது ஊசி போடலை. சாயத்தைப் பார்த்து ஏமாந்துட்டேன், என் தப்புதான். மத்த ரெண்டுக்கும் போட்டேன். மூணும் ஒரே பட்டி, ஒரே தீனி. வித்தியாசம் எங்கேருந்து வந்துச்சு? நீங்களே சொல்லுங்க."

மூக்கர் கம்பியைத் திரும்ப வாங்கினார். மறுபடி காய்ச்சி முதல் பன்றிக்கே திரும்பிப் போனார். கண்ணை மூடி நெடுநேரம் முகர்ந்தார்.

"அந்த மூணாவதை என் கண்ணுல படாம எடுத்துட்டுப் போ. பாக்கியைக் கொண்டா. ஆனா ஒவ்வொண்ணா விதையைப் பார்த்துதான் இறக்குவேன்."

"பாருங்க. சுருங்காதது இருந்தா நானே திருப்பி ஓட்டிட்டுப் போறேன்."

திரும்பும் வழியில் அப்பா முனகினார். "ஒண்ணு நாறினாலும் எடுப்பேன்னு சொல்லியிருந்தேன்."

"நாறினது ரெண்டாவது ஊசி போடாததுப்பா." அவள் உள்ளங்கையை நீட்டினாள்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பண்ணை வாசலில் வண்டி நின்ற பிறகும் நீட்டிய கை இறங்கவில்லை. கடைசியில் டப்பி அதில் வந்து விழுந்தது.

"சவரத்துக்காவது ஒண்ணு விடுவியா?"

"வேற வாங்கிக்குங்க," என்று இறங்கிப் போனாள்.