முக்கால் பாட்டு

வானொலி நிலையத்தில் அவளைக் கத்தரி என்றுதான் அழைப்பார்கள். பேச வருகிற பெரிய மனிதர்களின் இருமலையும் தயக்கத்தையும் தற்பெருமையையும் வெட்டிய தடம் தெரியாமல் வெட்டி எடுப்பாள். அந்தக் கைத்தேர்ச்சிதான் பெயரை வாங்கித் தந்தது. வெட்டுப்பட்டவர்கள் கோபப்பட்டதில்லை. ஒலிபரப்பில் தங்களைக் கேட்டுவிட்டு, நாம் இவ்வளவு தெளிவாகவா பேசினோம் என்று பூரித்துப் போனார்கள்.

ஒரே பாட்டைப் பல குரல்களில் ஒப்பிட்டுக் காட்டும் அவளுடைய நிகழ்ச்சி சனிக்கிழமை மாலைகளில் ஒலிபரப்பாகும். இந்த வாரம் அவள் எடுத்துக்கொண்டது ஓர் இசை நாடகத்தின் இறுதிப் பாட்டு. படகுத்துறையில் சீட்டுக் கொடுக்கும் பெண், தான் விரும்பியவனையே கடைசிப் படகில் ஏற்றி அனுப்புகிறாள். போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் நின்றுவிடுவான்; அவள் சொல்வதில்லை. ‘படகு நகரட்டும், விளக்கை அணைக்கிறேன்’ என்ற கடைசி வரி உச்சத்துக்கு ஏற, மேடை இருள்கிறது.

அந்தப் பாட்டுக்கு ஊரறிந்த பதிவுகள் இரண்டு. நாடகம் முதன்முதலில் அரங்கேறியபோது நாயகி பாடியது ஒன்று. பல ஆண்டுகள் கழித்து அதைப் புதுப்பித்தபோது இன்னொருத்தி கீழ்ச்சுருதியில், கண்ணீரோடு பாடியது மற்றொன்று. மூன்றாவதை யாரும் அறியமாட்டார்கள். முதல் நாயகி உடம்பு சரியில்லாமல் படுத்த பருவத்தில் ஊர் ஊராகப் பாடிய மாற்று நடிகையின் குரல் அது; நாடகக் குழுவின் ஒலிநாடாப் பெட்டியிலிருந்து எப்படியோ தப்பிப் பிழைத்த பதிவு. அந்த மாற்று நடிகை பின்னாளில் கத்தரியின் அண்ணனை மணந்து, இப்போது ஒரு கண் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் நோயாளிகளைப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தாள்.

“அதையெல்லாம் எதுக்குத் தோண்டுற? சரி, என்னவோ பண்ணு” என்று தொலைபேசியில் சொன்ன அண்ணி, வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, சாப்பாட்டுப் பையும் கையுமாக நிலையத்துக்கு வந்துவிட்டாள். போடுவதற்கு முன் கேட்டுவிட வேண்டுமாம்.

“வாங்க அண்ணி. காபி சொல்லட்டுமா?”

“காபி குடிச்சா தொண்டை கட்டும்னு அப்போ விடமாட்டாங்க. இப்போ எவன் கேக்கப்போறான்? சொல்லு.”

ஒலிப்பதிவாளர் எழுந்து நாற்காலியைத் தந்தார். “உக்காருங்கம்மா. உங்க நாத்தனார் நாலு நாளா உங்க குரலைத்தான் கேக்கறாங்க. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு.”

காதுகளில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அண்ணி கேட்டாள். முதல் நாயகியின் குரல் வாத்தியப் பெருவெள்ளத்தின் மேல் நிமிர்ந்து வந்தது.

“இந்தம்மா அணைக்கறது விளக்கையா, எரிமலையையா?” என்று சிரித்தாள். அடுத்தவளின் விம்மலுக்கு, “படகுல ஓட்டையே வேண்டாம். இவ கண்ணீர்லயே மூழ்கிடும்” என்றாள். ஒலிப்பதிவாளர் வாயைப் பொத்திக்கொண்டார்.

மூன்றாவது குரல் தொடங்கியது. அண்ணியின் சிரிப்பு நின்றது.

“இது யாரு?”

“நீங்கதான்.”

“நான் இல்லை.”

“நீங்கதான் அண்ணி. மூணையும் ஒரே சுருதிக்குக் கொண்டு வந்திருக்கேன். ஒரு வரி அவங்க, ஒரு வரி இவங்க, ஒரு வரி நீங்கன்னு மாத்தி மாத்திக் கோக்கணும் இல்லையா? சுருதி வேற வேறயா இருந்தா காதுல இடிக்கும். அதான் உங்களை ரெண்டாவது பதிவோட அளவுக்கு இறக்கிட்டேன்.”

கத்தரிக்கு அது குற்றமாகவே படவில்லை. அளவுகோல் ஒன்றாக இல்லாவிட்டால் ஒப்பீடு எப்படி? அதே உற்சாகத்தோடு தான் எழுதி வைத்திருந்த விளக்கத்தையும் படித்துக் காட்டினாள். உச்சத்துக்கு ஏற வேண்டிய கடைசி வரியை இந்தப் பாடகி பாட மறுக்கிறார், சாதாரணமாகப் பேசுகிறார், கலையழகையே துறக்கும் அந்தத் துணிவில்தான் பாத்திரத்தின் துறவும் உண்மையாகிறது—

“துணிவா?” அண்ணி ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். “எட்டலைடி எனக்கு.”

அண்ணி காபிக் கோப்பையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு பேசினாள். மாற்று நடிகைக்கென்று யாரும் சுருதியை மாற்றமாட்டார்கள். வாத்தியக்காரர்களின் தாள்கள் அத்தனையும் நாயகியின் தொண்டைக்கு எழுதியவை. தற்காலிகமாக வந்தவளுக்காக அதை யார் திருத்தி எழுதுவது? நாயகியின் உடையை ஊசி குத்தி இறுக்கிக்கொள்ளலாம். சுருதியை அப்படி இறுக்க முடியாது. முதல் நாள் காட்சியிலேயே கடைசி வரியில் குரல் உடைந்தது. மறுநாளிலிருந்து இசையமைப்பாளர் ஒவ்வொரு ஊரிலும், திரை தூக்குவதற்கு முன், எல்லோர் காதிலும் விழும்படி நினைவூட்டுவார்: கடைசி வரியை விட்டுடும்மா, வாயால சொல்லிடு.

“குழுவுல எனக்கு முக்கால் பாட்டுன்னு பேரு. ‘முக்கால் பாட்டு சாப்பிட்டாச்சா, முக்கால் பாட்டு வண்டியில ஏறியாச்சா.’ உங்க அண்ணனுக்குக்கூட இது தெரியாது. நீ நாளைக்கு ஊரைக் கூட்டிப் போட்டுக் காட்டப்போறே. வேண்டாம். எடுத்துடு.”

கத்தரி கணினியின் பக்கம் திரும்பினாள். அண்ணியின் சொல்லைத் தட்டும் எண்ணம் அவளுக்கில்லை. ஆனாலும் வேறோர் ஐயம் அவளைக் குடைந்தது. சுருதியை இறக்காத மூலப் பதிவை முதல் நாள் ஒரே ஒரு முறை, இரைச்சலோடு கேட்டதோடு சரி. பிறகு கேட்டதெல்லாம் தான் சரிசெய்த வடிவத்தைத்தான். அவள் மூலத்தை ஓடவிட்டாள்.

அது வேறு பாட்டாக இருந்தது. குரல் மெலிந்து, இழுபட்டு, அறுந்துவிடும் விளிம்பிலேயே நடந்தது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் மூச்சு கடன் கேட்டு நின்றது. கடைசி வரி வந்தபோது பாடுவதற்கு உள்ளே எதுவும் மிச்சமில்லை. அதனால் அந்தப் பெண் அதைச் சொன்னாள். அவ்வளவுதான்.

தான் இறக்கிய சுருதியில் அந்தக் குரல் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. சௌகரியமாக இருப்பவர் பாடாமல் பேசினால், அது விருப்பத் தேர்வு போலத்தான் ஒலிக்கும். தானே செய்த பொம்மைக்கு முன் நின்று தானே வியந்து எழுதிய கட்டுரை. கத்தரிக்குக் காது மடல் சுட்டது.

“கழுத்து நரம்பு புடைக்கறது காதுக்கே தெரியுது பாரு” என்றாள் அண்ணி.

“நான் எழுதினது தப்பு அண்ணி. ஆனா இது... நான் இறக்கினதைவிட இது எவ்வளவோ மேல.”

“ஆறுதல் சொல்லாதே.”

“ஆறுதல் சொல்லல.”

“அப்படின்னா ஒண்ணு செய். அந்த அழுகைக்காரியோட வாத்தியம் மட்டும் தனியா இருக்கா? அந்தச் சுருதி எனக்குச் சரியா இருக்கும். பாடறேன். கடைசி வரியையும் பாடறேன். நாளைக்கு அதைப் போடு.”

ஒலிப்பதிவாளர் அதற்குள் கண்ணாடி அறையின் கதவைத் திறந்துவிட்டிருந்தார்.

அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பாடினாள். வயது குரலில் கொஞ்சம் கரகரப்பைச் சேர்த்திருந்தது. ஆனால் எந்தப் படியிலும் கால் இடறவில்லை. கடைசி வரி நிதானமாக ஏறி, உச்சத்தில் நின்று, முழுதாக இறங்கியது. வெளியே வந்தபோது அவளுடைய முகம், பரீட்சை முடித்த சிறுமியின் முகம்போல் இருந்தது. ஒலிப்பதிவாளர் கைதட்டினார்.

“பின்னிட்டீங்கம்மா!”

“ரெண்டையும் போடு. நான் கேக்கணும்.”

புதியதைக் கேட்டாள், பழையதைக் கேட்டாள், மறுபடி புதியதைக் கேட்டாள். கத்தரி விசைகளை அழுத்துவதோடு நிறுத்திக்கொண்டாள். தன் தீர்ப்புகளின் மேல் அவளுக்கே அன்று நம்பிக்கை குறைந்திருந்தது.

“இப்போ பாடினதுல பிசகு இல்லை,” என்றாள் அண்ணி. “ஆனா இவ விளக்கை அணைக்கல. பாட்டை முடிக்கறா.”

கத்தரி நிமிர்ந்தாள்.

“முடிச்சுட்டு, கைதட்டுக்குக் காத்திருக்கா. அங்க படகுல ஒருத்தன் போறான்ங்கறதே மறந்துபோச்சு.” அவள் திரையில் ஓடிய பழைய பதிவின் மெல்லிய கோடுகளைப் பார்த்தாள். “அந்தப் பொண்ணுக்கு மறக்கல. அவளுக்கு அதுக்கு மேல முடியல. படகுத்துறைக்காரிக்கும் முடியாதுதானே?”

“அண்ணி...”

“பழசையே போடு. ஆனா சுருதியில கை வைக்காதே. எந்தச் சுருதியில திணறினேனோ அதே சுருதியில போகட்டும். துணிவு, துறவுன்னு ஏதாவது சொன்னே, அப்புறம் வீட்டுப் பக்கம் வராதே.”

“அப்போ என்ன சொல்றது?”

“எட்டலைன்னு சொல்லு. நாயகிக்காக எழுதின சுருதி, எட்டலை, அதனால பேசினாங்க. அவ்வளவுதானே நடந்தது?”

“முக்கால் பாட்டு?”

அண்ணி பையைத் தோளில் மாட்டியபடி யோசித்தாள். “அதை உங்க அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கறேன். வானொலியில தெரிஞ்சுக்கிட்டார்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுப்பார்.”

வரிக்கு வரி மாற்றிக் கோக்கும் திட்டத்தைக் கத்தரி கைவிட்டாள். மூன்று பதிவுகளையும் தனித்தனியே, அதனதன் சுருதியில், முழுதாக ஒலிக்கவிட்டாள். தன் கட்டுரை இருந்த இடத்தில், அண்ணி சொன்னதை மட்டும் தெளிவாகப் படித்தாள்.

சனிக்கிழமை மாலை நிகழ்ச்சி முடிந்து அடையாள இசை ஓயும் முன்பே தொலைபேசி அடித்தது. அண்ணியின் பின்னால் அண்ணன் யாரையோ அதட்டுவதும் மூக்கை உறிஞ்சுவதும் கேட்டன.

“கேட்டோம்,” என்றாள் அண்ணி. பிறகு, பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றி விசாரிப்பவளைப் போலக் கேட்டாள்: “அந்தக் கடைசி வரியை அவ நல்லாத்தான் சொல்றா, இல்லே?”