கணினித் தீயும் எங்கள் குடும்பமும்

1

அறையில் இருந்தவர்கள்: ஆய்வுப் பட்டத்துக்கான தேர்வுக்கு வந்த தம்பி மகள், அவளுடைய வழிகாட்டி, வெளியிலிருந்து வந்த தேர்வாளர், தம்பி, பெரியப்பா. தம்பியின் சகலை இல்லை. அவர் வாசலில் காருக்குள் தூங்கினார். விழித்ததும் உறவினரிடம் ஒரு கதை கட்டிவிட்டார். அதனால்தான் இந்தக் கதை.

எழுதுபவர் பெரியப்பாதான். 'நான்' என்று எழுதினால் சாட்சிக் கூண்டில் ஏறியதுபோல் இருக்கும். எங்கள் குடும்பத்தில் யாரும் கூண்டேறியதில்லை.

2

முதல் தொடக்கம்: "பரம்பரையாகவே அறிவில் சிறந்த ஒரு குடும்பத்தில்—"

(நிறுத்தப்பட்டது. பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் தம்பிதான்.)

இரண்டாம் தொடக்கம்: குழாயிலிருந்து ஹைட்ரஜன் சீறி வருகிறது. சுற்றிலும் கொதிக்கும் காற்று. இரண்டும் சுழன்று கலந்து, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்கின்றன. தீ, குழாயின் வாயைத் தொடாமல், சற்று மேலே அந்தரத்தில் நிற்கிறது. எல்லாம் கணினிக்குள், வெறும் எண்களாக. அது பறந்துபோகாமல் அங்கேயே நிற்பதற்குக் காரணம் இப்படித் தானாகப் பற்றுவதுதான் என்பது தம்பி மகளின் ஆய்வு.

யார் தயவும் இல்லாமல் நிற்கிறது என்பது பெரியப்பாவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. "நம்ம வீட்டுத் தீடா" என்று தம்பியிடம் சொன்னார்.

3

தேர்வுக்குச் சற்று முன், நடைக்கூடத்தில் அவள் வந்து நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"பெரியப்பா, தப்பு பண்ணிட்டேன். கணக்கை ஆரம்பிக்க உள்ளே ஒரு சூட்டுப் புள்ளி வைப்போம். பத்தினதும் எடுத்துடணும். எடுக்க மறந்துட்டேன்."

"அதனால என்ன?"

"தீ தானா நிக்குதா, அந்தப் புள்ளி பிடிச்சு நிறுத்துதான்னு தெரியாது."

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"இப்போ உங்களுக்கு."

"அப்போ யாருக்கும் தெரியாது. வாயை மூடிட்டு உள்ளே போ."

"பட்டம் போனாலும் போகட்டும். சொல்லிடுவேன்."

"குடும்ப மானம்?"

"அதையும் இப்படி ஒரு புள்ளி வச்சுத்தான் நிறுத்தி வச்சிருக்கீங்களா?"

(இந்த வரியைப் பெரியப்பா அடித்துப் பார்த்தார். அடித்தால் கதை நிற்கவில்லை. இருந்து தொலையட்டும்.)

4

முடிவு, ஒன்று: அவள் வாயே திறக்கவில்லை. கைதட்டல், பட்டம். எழுதுபவருக்குப் பிடித்த முடிவு. ஆனால் எத்தனை முறை எழுதினாலும் அதில் அவள் தலை நிமிர மறுக்கிறாள்.

முடிவு, இரண்டு: புள்ளியை எடுத்த பிறகும் தீ ஜம்மென்று நின்றது. தேர்வாளர் எழுந்து பெரியப்பாவின் கையைக் குலுக்கினார். (இதைப் படித்துப் பார்த்த தம்பி, "உங்க கையை எதுக்கு?" என்றான்.)

நடந்தது: அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு சிறிய மாதிரிக் கணக்கில், எல்லார் கண்முன்னும் புள்ளியை எடுத்தாள். திரையில் தீ நடுங்கியது, மேலே நழுவியது, விளிம்பைத் தாண்டி மறைந்தது.

"போச்சு" என்றார் வழிகாட்டி.

தேர்வாளர் மட்டும் நாற்காலியை முன்னே இழுத்தார். "கணக்கு ஓடட்டும்மா. தானா பத்துறதுன்னா கொஞ்சம் நேரம் எடுக்கும்."

எல்லோரும் கறுத்த திரையைப் பார்த்தோம். பெரியப்பாவும் தம் நாற்காலியை முன்னே இழுத்தார். பிறகு பற்றியதா, பட்டம் கிடைத்ததா என்பதை வாசகரே முடித்துக்கொள்ளலாம். எழுதுபவர் முடித்தால் பற்றிவிடும். அவர் கையை நம்பக்கூடாது.

ஒன்றை மட்டும் யார் விருப்பத்துக்கும் விடுவதற்கில்லை. "பாவம், அந்தப் பொண்ணோட தீ தானா அணைஞ்சு போச்சாம்" என்று சகலை சொல்லித் திரிகிறார்.

தவறு. தானாக அணையவில்லை. எங்கள் வீட்டுப் பெண்தான் அணைத்தாள்.