கதவிடுக்கில் இரண்டு சீட்டுகள்

பல்கலைக்கழக நூலகத்தின் நான்காம் மாடியில் பூட்டுப் போட்ட படிப்பறைகள் நாற்பத்திரண்டு. அவற்றில் உண்மையாகவே படிப்பவர்கள் ஒன்பது பேர் என்பது மார்லிஸின் கணிப்பு. மற்றவர்கள் நாற்காலி முதுகில் ஒரு கோட்டைத் தொங்கவிட்டுப் போனவர்கள். கோட்டு படித்துக்கொண்டிருக்கும்; ஆள் வேறெங்கோ இருப்பார்.

பதினோரு வருடமாக, மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலையில் சாவிக்கொத்தும் எழுதுபலகையுமாக அந்த அறைகளைச் சோதித்து வருபவள் மார்லிஸ். அவளுக்குப் படித்தவர்கள் மேல் இருந்த மரியாதை முதல் வருடமே கழன்று விழுந்துவிட்டது. வாழைப்பழத் தோலை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிற மனிதனை எப்படி மதிப்பது? கதவுக் கண்ணாடியில் செய்தித்தாளை ஒட்டிக்கொண்டு உள்ளே குறட்டை விடுகிறவனை? உலகத்தின் பசியைப் பற்றி நானூறு பக்கம் எழுதியவர் ஒருவர், பாதி தின்ற ரொட்டியைத் தூக்கிப்போட இருபதடி நடக்கமாட்டார். அவளும் கையுறையை மாட்டிக்கொண்டு அள்ளிப் போட்டு, பலகையில் குறித்துக்கொண்டு, அடுத்த கதவுக்குப் போய்விடுவாள்.

அறை புழங்குகிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க நூலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. சோதனை முடிந்ததும் கதவைச் சாத்தி, முழங்கால் உயரத்தில் கதவிடுக்கில் ஒரு சீட்டைச் செருகிவிடுவார்கள். புத்தக விவரம் தட்டச்சிட்ட பழைய அட்டவணை அட்டைகளை நீளவாக்கில் கத்தரித்த சீட்டுகள் அவை. கதவைத் திறந்தால் விழுந்துவிடும். தொடர்ந்து மூன்று சோதனைகளில் விழாமல் இருந்தால் அறைக்காரருக்கு முப்பது நாள் கெடு கொடுத்துக் காலி செய்யச் சொல்வது விதி.

கீழே இருக்கிற சீட்டு எல்லார் கண்ணுக்கும் தெரியும். அதனால் மார்லிஸ் கதவின் மேல் விளிம்பிலும் ஒன்று செருகுவாள். அது யாருக்கும் தெரியாது. யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

417ஆம் அறை பேராசிரியர் ஹார்கிரேவுடையது. பரம்பரைச் சொத்துபோல இருபத்திரண்டு வருடமாக வைத்திருக்கிறார். ஓய்வு பெற்றும் விடவில்லை. டிசம்பரில் இரண்டு சீட்டுகளும் செருகியபடியே இருந்தன. ஜனவரியிலும் அப்படியே. பிப்ரவரியிலும் இருந்துவிட்டால் அறை, காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆளுக்குப் போய்விடும்.

அந்த முதல் ஆள் ரோஷெல். முப்பத்து நான்கு வயது, இரண்டு பிள்ளைகள், முடியாத ஆய்வேடு. நூலகத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாத பழைய அறிக்கைப் பெட்டிகள் இருபத்தாறை வைத்துத்தான் அவள் எழுத வேண்டும். பூட்டுகிற அறை இல்லாததால் தினமும் காலையில் நிலவறையிலிருந்து வண்டியில் தள்ளி வந்து, மதியம் பிள்ளைகளை அழைக்கப் போகுமுன் திரும்பத் தள்ளிக்கொண்டுபோய் அடுக்க வேண்டும். பாதி நேரம் அதிலேயே போயிற்று. ஏப்ரல் கடைசியில் அவளுடைய ஏழு வருடக் கெடு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் ஆய்வு மாணவர் பட்டியலிலிருந்து பெயரையே எடுத்துவிடுவார்கள்.

அவளை மட்டும் மார்லிஸுக்கு இளக்காரமாகப் பார்க்கத் தோன்றியதில்லை. ஒருநாள் பனி கொட்டும்போது, வண்டி நிறுத்துமிடத்தில் காருக்குள் மடிக்கணினியோடு அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். விரல் நுனி அறுத்த கையுறையோடு தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

பிப்ரவரிச் செவ்வாய் காலை மார்லிஸ் 417க்கு வந்தபோது கீழ்ச்சீட்டைக் காணவில்லை. படிக்கட்டு முக்காலியைப் போட்டு ஏறிப் பார்த்தாள். மேல்சீட்டு போன மாதம் வைத்தபடியே இருந்தது. அதன் மேல் தூசிகூடக் கலையவில்லை.

கதவைத் திறந்தாள். நாற்காலியில் அதே பழுப்புக் கோட்டு. காப்பிக் கோப்பைக்குள் ஜனவரியில் பச்சையாக இருந்த பூஞ்சை இப்போது சாம்பல் நிறமாகி ரோமம் விட்டிருந்தது. அலமாரி நிறைய நூலகப் புத்தகங்கள். எண்ணினாள், அறுபத்து மூன்று. ஒன்றுகூட அவர் பெயரில் பதியப்படவில்லை. கீழ்த்தளத்து அட்டவணையில் பார்த்தபோது அவற்றுக்கு நேரே 'தொலைந்தது' என்றிருந்தது.

நேரே மேலாளர் அறைக்குப் போனாள். மேலாளர் டெரல் அவளைவிடப் பதினைந்து வயது சின்னவன். யாரிடமும் முகம் கோணாமல் நடந்தே மேலே வந்தவன். அவன் மேசைமேல் விரித்துக் கவிழ்த்திருந்த குறிப்பேட்டிலிருந்து ஒரு சீட்டின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. அதில் தட்டச்சில் 'தேனீ வளர்ப்பு, குளிர்' என்று பாதியோடு நின்ற வரி. 417இன் கீழ்ச்சீட்டு; அதைக் கத்தரித்தவளே அவள்தான். நூலகத்தில் வேலை பார்க்கிறவனுக்குக் கையில் ஒரு அட்டைத் துண்டு கிடைத்தால் கீழே போட மனம் வராது. பக்கத்துக்கு அடையாளம் வைத்துவிடுவான். திருடத் தெரிந்தவனுக்கு ஒளிக்கத் தெரியவில்லை.

"417ல கீழ்ச்சீட்டு இல்ல," என்றாள்.

"அப்ப யூஸ் பண்றார்னு அர்த்தம். நல்லதுதானே," என்றான், குறிப்பேட்டை மெல்ல மூடியபடி.

"மேல ஒண்ணு வச்சிருந்தேன். அது அப்படியே இருந்துச்சு. கதவையே திறக்கல."

அவன் குறிப்பேட்டை ஓரமாகத் தள்ளினான். பிறகு சிரித்தான். "விதியில மேல்சீட்டுன்னு ஒண்ணு கிடையாது, மார்லிஸ். அது உங்க சொந்த ஏற்பாடு. அவர் யாரு, எத்தனை கமிட்டியில இருக்கார்னு தெரியும்ல? ஏன் வீணா வம்ப வளக்கறீங்க."

"அப்ப புழங்குற அறைன்னே எழுதிரட்டுமா?"

"எழுதுங்க."

"நேத்து வந்தார்னு?"

"நேத்தோ முந்தாநாளோ. வந்தார்னு எழுதுங்க."

அவள் சோதனைப் படிவத்தில் எழுதி நீட்டினாள். "மேலாளர் கையெழுத்துக் கட்டத்துல நீங்க போட்டுடுங்க."

அவன் தப்பித்த மகிழ்ச்சியில் படிக்காமலே போட்டான். படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவனை நூலகத்துக்கு மேலாளராக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது மார்லிஸுக்குக் கோபம்கூட வரவில்லை. படிவத்தை வாங்கி, மை காயும்வரை காத்து, அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

"புழங்காத அறைன்னா முப்பது நாள் கெடு. புழங்குற அறையில அழுகின சாப்பாடும், பதியாத புத்தகம் பத்துக்கு மேலயும் இருந்தா கெடு கிடையாது. அன்னைக்கே ரத்து. பதினாலாவது விதி, நீங்க போட்டதுதான். அறுபத்து மூணு இருக்கு. கோப்பைய எடுத்துட்டு வரட்டுமா, பாக்கறீங்களா?"

"அந்தக் காப்பி அவர் நேத்து குடிச்சதா இருக்காது," என்றான் டெரல்.

"பின்ன? அவர் வரவே இல்லங்கறீங்களா? அப்ப சீட்ட எடுத்தது யாருன்னும் சேத்து எழுதணும். தேனீ வளர்ப்பு எந்தப் பக்கத்துல இருக்கு, பாத்துச் சொல்லுங்க."

அவன் குறிப்பேட்டின் மேல் கையை வைத்துக்கொண்டான்.

"அவருக்கு நான் என்னன்னு போன் பண்றது?" என்றான்.

"கோட்ட எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

மறுநாள் ஹார்கிரேவே வந்தார். நூலகத்தின் அக்கறையின்மை பற்றிக் கூடத்தில் நின்று கால்மணி நேரம் பேசினார். பிறகு சாவியோடு மாடியேறி மூன்றாம் மாடியில் 317ஆம் கதவைத் திறக்கப் போராடிக்கொண்டிருந்தார். உள்ளே படித்துக்கொண்டிருந்தவன் பயந்துபோய்க் காவலாளியைக் கூப்பிட்டான். மார்லிஸ் மேலே நின்று கைப்பிடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்தாள், வழி சொல்லவில்லை.

வியாழக்கிழமை ரோஷெலிடம் சாவியைக் கொடுத்தாள். முப்பது நாள் கெடு போயிருந்தால் இந்தச் சாவி மார்ச்சில்தான் அவள் கைக்கு வந்திருக்கும். அதற்குப் பிறகு வந்து என்ன பயன்? டெரல் தன் கோழைத்தனத்தால் ஒரு மாதத்தை அவளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டான். அவன் வேலைக்குச் சேர்ந்து செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

அன்று மாலை, ரோஷெல் வீட்டுக்குப் போன பிறகு, மார்லிஸ் 417இன் கதவிடுக்கிலும் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று செருகினாள். சாவி கைக்கு வந்ததும் நல்லவர்கள் எத்தனையோ பேர் கோட்டாக மாறியதை அவள் பார்த்திருக்கிறாள். இவளுக்கென்று தனி விதியா?

மார்ச் முதல் செவ்வாய் போனபோது கதவு திறந்தே கிடந்தது. இருபத்தாறு பெட்டிகளுக்கு நடுவில் ரோஷெல் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் பதிந்தவை. குப்பைத்தொட்டி காலி. மேசை ஓரத்தில் இரண்டு சீட்டுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன.

"சாவி குடுத்த மறுநாள் காலைல கதவத் திறந்ததும் ஒண்ணு கால்ல விழுந்துச்சு, இன்னொண்ணு தலையில விழுந்துச்சு மேடம்," என்றாள் ரோஷெல். "யாரோடதோ அட்டவணைல இருந்து கிழிஞ்சிருக்கும்னு எடுத்து வச்சேன். உங்களுதா?"

பதினோரு வருடத்தில் எத்தனையோ சீட்டுகள் எத்தனையோ தலைகளில் விழுந்திருக்கும். மிதித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். எடுத்து வைத்து ஒருவரும் கேட்டதில்லை.

"என்னுதுதான்," என்றாள் மார்லிஸ். கையை நீட்டி இரண்டையும் வாங்கிக்கொண்டாள். வெளியே வந்து கதவைச் சாத்தியபோது, கீழே ஒன்றை மட்டும் செருகினாள்.