முப்பத்தாறு, சார்!

ஹவில்தார் தைரியராஜின் எதிர்காலம் அவருடைய தொப்புளைச் சுற்றிக் கிடந்தது. நாயிப் சுபேதார் ஆக வேண்டுமானால் மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும். தேறினால் தோளில் ஒரு நட்சத்திரம், இன்னும் சில வருட சர்வீஸ். தேறாவிட்டால் ஆறு மாதம் கழித்துத்தான் மறுபரிசோதனை. அவரோ ஐந்தாவது மாதம் ஓய்வு பெறுகிறார்.

உயரத்துக்கு இவ்வளவு எடை என்று ராணுவத்தில் ஒரு பட்டியல் உண்டு. பத்து சதவீதத்துக்கு மேல் ஏறினால் டேப்பை எடுப்பார்கள். வயிறு மார்பைவிடச் சின்னதாக இருந்தால் கூடுதல் எடை தசை. பெரிதாக இருந்தால் கொழுப்பு. தைரியராஜுக்கு மார்பு முப்பத்தேழு அங்குலம். வயிற்றைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

இரண்டு மாதம் காலையில் பாலக்கரையிலிருந்து ஸ்ரீரங்கம்வரை ஓடினார். ஓட்டம் என்று அவர்தான் சொல்லிக்கொண்டார். காவிரிப் பாலத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன பால்காரர்கள் அவரை முந்தினார்கள். ராஜகோபுர வேலை நடந்துகொண்டிருந்த தெருமுனையில் களைப்புக்கு எட்டு இட்லி. திரும்புவது ஒன்றாம் நம்பர் பஸ்ஸில்.

பரிசோதனையன்று எடை அந்தப் பத்து சதவீதத்தையும் தாண்டி மூன்று கிலோ கூடுதலாக நின்றது. டாக்டர் கேப்டன் எழுதிக்கொண்டே, "வயித்தை அளங்க" என்றார்.

டேப்போடு வந்த ஆர்டர்லி பிச்சமுத்து லால்குடிக்காரன். "மூச்சை நல்லா இழுத்துக்குங்கண்ணே" என்று காதோடு சொன்னான். டேப்பைப் பார்த்தான். ஊர்ப்பாசம் அவனை விடவில்லை.

"முப்பத்தாறு, சார்!"

கேப்டனின் பேனா தாளில் இறங்கியது. தைரியராஜ் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா நிற்பது மட்டும்தான். ஆனால் ஆள்சேர்ப்பு முகாம்களில் பன்னிரண்டு வருடம், ஆர்டர்லிகள் அளந்து சொல்வதைச் சரிபார்த்து அதட்டுவதே அவர் வேலை. பாழாய்ப்போன கண் தானாக டேப்புக்குப் போனது.

"தப்பு! முப்பத்தொன்பது, சார்!"

அறை அதிர்ந்தது. கத்தியதில் அடக்கிவைத்த மூச்சும் போய்விட, அது நாற்பதானது. பிச்சமுத்து தலையில் அடித்துக்கொண்டான். கேப்டன் நாற்பது என்றே எழுதினார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னதும் மனைவி அமலராணி அழுதுவிட்டாள். "அந்தத் தம்பிதான் முப்பத்தாறுன்னு சொல்லிடுச்சே! ஒரு தடவை வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதாங்க?"

"அரை அங்குலம் மார்பு குறையுதுன்னு எத்தனை பசங்களைத் திருப்பி அனுப்பியிருக்கேன் அமலா. கால்ல விழுந்தவங்ககிட்டகூட, டேப் பொய் சொல்லாதுன்னுதான் சொன்னேன்."

அப்படிச் சொன்னபோதெல்லாம் தனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதும் அவருக்கு நினைவு வந்தது. வெட்கம் தாங்காமல் தலையைக் குனிந்தார். அந்தப் பையன்கள் விழுந்த காலை அவரால் பார்க்க முடியவில்லை, வயிறு மறைத்தது.